4 கோடி இலக்க முதன்மை எண்: அது முதன்மை என்று எப்படித் தெரியும்?

2024 ஒக்டோபர் 21 அன்று ஓர் எண் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுருக்கமாக எழுதினால் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 136279841 இரண்டுகளை வரிசையாக வைத்துப் பெருக்கி, வரும் விடையில் 1 ஐக் கழிக்க வேண்டும். விரித்து எழுதினால் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கம் என்று ஊணும் உறக்கமும் இல்லாமல் எழுதினாலும் 475 நாட்கள் ஆகும். ஓர் இலக்கத்துக்கு 5 மில்லிமீற்றர் இடம் கொடுத்து வீதியோரமாக எழுதிக்கொண்டே போனால், திருகோணமலையில் தொடங்கும் வரிசை மட்டக்களப்பையும் கல்முனையையும் தாண்டிவிடும். மொத்த நீளம் 205 கிலோமீற்றர்.

இந்த எண் முதன்மை எண் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் இப்படியான செய்தி வரும்போதெல்லாம் மூன்று தவறான எண்ணங்களும் கூடவே வருகின்றன.

1. உலகிலேயே மிகப் பெரிய முதன்மை எண் இதுதான்.
2. கணினி ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தது.
3. இதனால் வங்கிக் கணக்கின் பாதுகாப்பு கூடும், அல்லது உடைந்துபோகும்.

மூன்றும் பிழை. மூன்றாவது வீண் பயத்தை உண்டாக்குவதால் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஆனால் முதலிரண்டும் தெளிந்தால்தான் அந்தப் பதில் புரியும்.

## கன்னியாவின் ஏழு கிணறுகள்

திருகோணமலை நகருக்கு அருகே கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு இருக்கின்றன. கிணறுகளை நகர்த்த முடியாது. ஏழு கற்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைச் சம நீளமுள்ள வரிசைகளாக அடுக்கப் பாருங்கள். ஆறு கற்கள் என்றால் மூன்று மூன்றாக இரண்டு வரிசை வரும். எட்டு என்றால் நான்கு நான்காக இரண்டு வரிசை. ஏழுக்கு அப்படி ஒரு வழியும் இல்லை. ஒரே நீண்ட வரிசையாக வைக்கலாம், அவ்வளவுதான்.

இப்படி 1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1 இலும் பெரிய எண்ணே முதன்மை எண். நம் பாடநூல்களில் முதன்மை எண் என்று படிப்பதைத் தமிழ்நாட்டில் பகா எண் என்பார்கள். சம வரிசைகளாக அடுக்கக்கூடிய 6, 8, 9, 10 போன்றவை சேர்த்தி எண்கள்; அங்கே பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது. அதற்குக் காரணம் உண்டு: 1 இலும் பெரிய எந்த எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுதலாம் என்பது எண்கணிதத்தின் அடித்தளம். 12 என்றால் 2 × 2 × 3. ஒன்றையும் முதன்மை என்று சேர்த்துக்கொண்டால், 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதலாம். அந்த ஒருமை போய்விடும்.

## "மிகப் பெரியது" என்று ஒன்று இல்லை

முதன்மை எண்களுக்கு முடிவில்லை. 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் இதை நிறுவிவிட்டார். அவர் வழி இதுதான்: உங்களிடம் இருக்கும் முதன்மை எண்கள் எல்லாவற்றையும் பெருக்கி 1 ஐக் கூட்டுங்கள். வரும் எண்ணை உங்கள் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அந்த எண்ணின் முதன்மைக் காரணி பட்டியலுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அதில் இல்லாத ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் மாணவர்கள் பலர் ஒரு தவறு செய்வதுண்டு. பெருக்கி 1 ஐக் கூட்டினால் வருவதே முதன்மை எண் என்று எழுதிவிடுவார்கள். அப்படி யூக்ளிட் சொல்லவில்லை. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031. அது 59 × 509. முதன்மை இல்லை, ஆனால் 59 உம் 509 உம் பட்டியலில் இல்லாத புது முதன்மை எண்கள். நிறுவல் அவ்வளவுதான் கேட்கிறது.

ஆக, 2024 இல் வந்தது "அறியப்பட்ட" முதன்மை எண்களில் பெரியது. அதற்கு மேலே எண்ணற்றவை இருக்கின்றன. அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் தெரியாது.

## எண்ணின் உருவம்தான் திறவுகோல்

தேடுபவர்கள் ஏன் எப்போதும் "2 இன் வலுவிலிருந்து 1 குறைவு" என்ற வடிவத்திலேயே போய் நிற்கிறார்கள்? முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

1 + 2 + 4 = 7. இன்னும் ஒரு மடங்கு போனால் 1 + 2 + 4 + 8 = 15. அடுத்தது 31, அப்புறம் 63, 127. ஒவ்வொன்றும் 2 இன் ஒரு வலுவுக்கு ஒன்று குறைவு. இவற்றை மெர்சென் எண்கள் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த மாரின் மெர்சென் என்ற துறவியின் பெயரால் வந்தது.

கணினி பேசும் துவித முறையில் 0 உம் 1 உம் மட்டுமே உண்டு. அதில் இந்த எண்களின் அழகு தெரியும்: 3 என்பது 11, 7 என்பது 111, 31 என்பது 11111. எல்லாம் ஒன்றுகளே. புதிய எண்ணைத் துவிதத்தில் எழுதினால் 136279841 ஒன்றுகள், இடையில் ஒரு பூச்சியமும் இல்லை.

இந்த உருவத்திலிருந்து ஒரு விதி உடனே கிடைக்கிறது. ஆறு ஒன்றுகளை எடுங்கள்: 111111. இதை 111, 111 என்று இரண்டு கட்டாகப் பிரிக்கலாம். ஆகவே 111111 = 111 × 1001. வழக்கமான பத்தடி முறையிலும் இது சரி, துவிதத்திலும் சரி. துவிதத்தில் படித்தால் 63 = 7 × 9. அதே போல் பதினைந்து ஒன்றுகளை மும்மூன்றாகவும் வெட்டலாம், ஐந்தைந்தாகவும் வெட்டலாம். எனவே 32767 ஆனது 7 ஆலும் 31 ஆலும் வகுபடும். ஒன்றுகளின் எண்ணிக்கை சேர்த்தி எண்ணாக இருந்தால் அந்த வரிசையை எப்படியாவது சம கட்டுகளாக வெட்டிவிடலாம். முழு எண்ணும் முதன்மை ஆகாது.

ஆகவே ஒன்றுகளின் எண்ணிக்கை, அதாவது 2 இன் தலைமேல் எழுதும் சுட்டி, முதன்மை எண்ணாக இருந்தே ஆக வேண்டும். 136279841 உம் ஒரு முதன்மை எண்தான்.

ஆனால் அது மட்டும் போதாது. 11 முதன்மை எண். 2¹¹ − 1 = 2047. அது 23 × 89 ஆகப் பிரிகிறது. இந்தக் காரணிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: 23 = 2 × 11 + 1, 89 = 8 × 11 + 1. இது தற்செயல் அல்ல. சுட்டி ஓர் ஒற்றை முதன்மை எண்ணாக இருக்கும்போது, அந்த மெர்சென் எண்ணின் எந்த முதன்மைக் காரணியும், சுட்டியை ஓர் இரட்டை எண்ணால் பெருக்கி 1 ஐக் கூட்டியதாகவே இருக்கும். நம் புதிய எண்ணுக்கு 272559682 ஐ விடச் சிறிய முதன்மைக் காரணி எதுவும் இருக்கவே முடியாது என்பதை, கணினியைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

### மெர்சென் சறுக்கிய இடம்

1644 இல் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுட்டி 257 வரைக்கும் முதன்மை எண் தருபவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 மட்டுமே என்றார். அவற்றில் 67 உம் 257 உம் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. இதைக் கண்டுபிடித்து முடிக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. சுவிஸ் கணிதவியலாளர் ஓய்லர் 1772 இல் 2³¹ − 1 ஐ, அதாவது 2147483647 ஐ முதன்மை என்று நிறுவினார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூகாஸ் 1876 இல் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 ஐ உறுதிசெய்தார். கணினி இல்லாமல் கையால் நிறுவப்பட்ட மெர்சென் முதன்மை எண்களில் மிகப் பெரியது அது.

67 இன் கதை இன்னும் முக்கியமானது. 2⁶⁷ − 1 முதன்மை இல்லை என்று லூகாஸ் 1876 இலேயே காட்டிவிட்டார். ஆனால் அது எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903 இல்தான் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் விடை தந்தார்: 193707721 × 761838257287. இடையில் 27 ஆண்டுகள். ஓர் எண் உடையும் என்று அறிவது வேறு, அது எங்கே உடையும் என்று அறிவது வேறு. கைபேசிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு மறுபடி தேவைப்படும்.

## வகுக்காமலே சோதிப்பது எப்படி?

வகுத்துப் பார்க்கும் வழியை முதலில் தள்ளிவைப்போம். ஓர் எண் முதன்மையா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை வகுத்தால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். நம் எண்ணின் வர்க்கமூலமே 2 கோடி இலக்கங்களுக்கு மேல் நீளமானது. அவ்வளவு எண்களை வகுத்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

லூகாஸ் கண்டு, பின்னர் டெரிக் ஹென்றி லேமர் செம்மைப்படுத்திய சோதனை முற்றிலும் வேறு வழியில் போகிறது.

1. 4 இல் தொடங்குங்கள்.
2. கையில் உள்ள எண்ணை வர்க்கித்து 2 ஐக் கழியுங்கள்.
3. வந்ததைச் சோதிக்க வேண்டிய மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
4. இதைச் சுட்டியை விட இரண்டு குறைவான தடவை செய்யுங்கள்.
5. கடைசியில் பூச்சியம் வந்தால் அது முதன்மை. வேறு எது வந்தாலும் முதன்மை அல்ல.

127 ஐ வைத்துச் செய்து பார்ப்போம். அது 2⁷ − 1. ஆகவே ஐந்து தடவை. 4 இன் வர்க்கம் 16, 2 ஐக் கழித்தால் 14. அடுத்து 196 − 2 = 194; 127 ஆல் வகுத்தால் மீதி 67. அடுத்து 4489 − 2 = 4487; மீதி 42. அடுத்து 1764 − 2 = 1762; மீதி 111. கடைசியாக 12321 − 2 = 12319. அதை 127 ஆல் வகுத்தால் சரியாக 97, மீதி 0. ஆகவே 127 முதன்மை.

2047 ஐ எடுத்தால் ஒன்பது தடவை செய்ய வேண்டும். மீதிகள் முறையே 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை. ஆகவே 2047 முதன்மை அல்ல. 23, 89 என்ற காரணிகளைப் பற்றி இந்தச் சோதனை ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு மட்டும் வந்தது.

கல்குலேட்டரும் ஒரு கொப்பித் தாளும் இருந்தால் இதை யாரும் வீட்டில் செய்யலாம். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளோடு 8191 ஐ, அதாவது 2¹³ − 1 ஐ, செய்து பார்க்கும்படி சொல்வேன். பதினொரு தடவை வர்க்கித்த பிறகு பூச்சியம் வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் வியப்பு, வாசித்தால் வராது.

### மீதி காண்பதில் ஒரு சலுகை

4487 ஐ 99 ஆல் வகுத்தால் மீதி என்ன? நீட்டி வகுக்கத் தேவையில்லை. பின்னாலிருந்து இரண்டு இரண்டு இலக்கமாக வெட்டிக் கூட்டுங்கள்: 44 + 87 = 131; மறுபடி 1 + 31 = 32. மீதி 32. 99 என்பது 100 க்கு ஒன்று குறைவு என்பதால்தான் இந்தக் குறுக்குவழி பலிக்கிறது.

மெர்சென் எண்ணும் துவிதத்தில் அப்படியே, 1000…0 என்பதற்கு ஒன்று குறைவு. ஆகவே கணினி வகுப்பதே இல்லை. எண்ணை இரண்டாக வெட்டிக் கூட்டுகிறது. 13 கோடியே 62 இலட்சத்து 79 ஆயிரத்து 839 சுற்றுகளில் ஒவ்வொன்றிலும் இந்தச் சலுகை கிடைக்கிறது. வர்க்கிப்பதற்கும் பள்ளியில் படித்த பெருக்கல் முறை உதவாது. ஃபூரியர் உருமாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட வேகப் பெருக்கலைப் பயன்படுத்துகிறார்கள். சாதனை எண்கள் பெரும்பாலும் மெர்சென் எண்களாகவே இருப்பதற்குக் காரணம் முதன்மை எண்கள் அங்கே மொய்த்துக் கிடப்பது அல்ல. அங்கேதான் நம்மால் சோதித்துப் பார்க்க முடிகிறது.

## இந்த எண்ணைப் பற்றிக் கையால் சொல்லக்கூடியவை

கடைசி இலக்கம். 2 இன் வலுக்களின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 136279841 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2¹³⁶²⁷⁹⁸⁴¹ முடிவது 2 இல். 1 ஐக் கழித்தால் நம் எண் முடிவது 1 இல். இதே வழியில் இன்னும் கொஞ்சம் உழைத்தால் கடைசி மூன்று இலக்கங்கள் 551 என்று வரும்.

எத்தனை இலக்கங்கள். மடக்கை தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரிக் கணக்கு. 2 இன் மடக்கையைச் சுட்டியால் பெருக்கி, முழுவெண் பகுதியோடு 1 ஐக் கூட்ட வேண்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 0.30103 என்ற வழக்கமான பெறுமானத்தை எடுத்தால் 41024320.5 வரும், இலக்கங்கள் 41,024,321 என்று ஒன்று கூடுதலாகச் சொல்லிவிடுவோம். 0.3010299957 என்று பத்துத் தசமதானங்கள் வரை எடுத்தால்தான் 41024319.95 என்று வந்து, சரியான 41,024,320 கிடைக்கும். இவ்வளவு பெரிய சுட்டியால் பெருக்கும்போது ஆறாம் தசமதானத்துக்கு அப்பால் விட்ட சிறு பிழை முழு இலக்கமாக வளர்ந்துவிடுகிறது. அந்த 0.95 என்ற தசமப் பகுதியிலிருந்து முதல் இலக்கம் 8 என்பதும் தெரியும்.

கோப்பின் பருமன். எல்லா இலக்கங்களையும் எழுத்துக் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 41 மெகாபைட். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வீடியோ அளவுதான். ஆனால் சுருக்க வடிவமோ ஒரு பஸ் பயணச்சீட்டின் பின்புறத்தில் அடங்கும்.

கூடவே ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் அதே எண் திரும்பி வந்தால் அது நிறைவெண். 28 இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. கவனித்தால் 28 = 4 × 7. அடுத்த நிறைவெண் 496 = 16 × 31. அதற்கடுத்தது 8128 = 64 × 127. ஒவ்வொரு மெர்சென் முதன்மை எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கூட்டிவரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்று ஓய்லர் நிறுவினார். ஆகவே 2024 இல் ஒரு புதிய நிறைவெண்ணும் கிடைத்தது. அதற்கு 82,048,640 இலக்கங்கள்.

எவ்வளவு அரிது. எண்கள் பெரிதாகப் பெரிதாக முதன்மை எண்கள் ஐதாகும். இந்தப் பருமனில் கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணைத் தொட்டால், அது முதன்மையாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 9 கோடியே 44 இலட்சத்தில் ஒன்று.

## யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்

1996 இல் ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கிய "கிம்ப்ஸ்" என்ற இணையவழிக் கூட்டுத் தேடல் இருக்கிறது. யாரும் ஒரு இலவச மென்பொருளை இறக்கித் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளே சாதனைகளைக் கொண்டுவந்தன. 2024 இல் அது மாறியது. என்விடியா நிறுவனத்தில் முன்பு பணியாற்றிய லூக் டுரன்ட், 17 நாடுகளில் உள்ள தரவு மையங்களில் கிராபிக்ஸ் செயலிகளை வாடகைக்கு எடுத்து இயக்கினார்.

ஒக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு செயலி, இந்த எண் முதன்மையாக இருக்க மிக அதிக வாய்ப்பு உண்டு என்று அறிவித்தது. அது பேர்மாவின் சிறு தேற்றத்தை வைத்துச் செய்யும் விரைவுச் சோதனை. அதில் மிக அரிதாகச் சேர்த்தி எண்களும் தேறிவிடலாம். ஆகவே நிறுவலுக்கு அது போதாது. மறுநாள், ஒக்டோபர் 12 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு செயலி நாம் மேலே பார்த்த லூகாஸ்–லேமர் சோதனையைச் செய்து முடித்துப் பூச்சியத்தைக் காட்டியது. அப்புறம் வேறு மென்பொருள்களிலும் வேறு வன்பொருள்களிலும் திரும்பச் சோதித்த பின்னரே அறிவிப்பு வந்தது. பரிசு 3000 டொலர்.

## வங்கிக் கணக்குக்கு ஆபத்தா?

திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் நின்றபடி ஒருவர் கைபேசியில் வங்கிச் செயலியைத் திறக்கிறார். அந்த இணைப்பைக் காக்கும் கணிதத்தில் முதன்மை எண்களுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் "பெரிய முதன்மை எண் கிடைத்துவிட்டது" என்றதும் மனம் வங்கிக்குப் போகிறது. ஆனால் அங்கே பயன்படும் எண்கள் வேறு வகை.

தகவலைப் பூட்டி அனுப்பப் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ என்ற முறையை எடுத்துக்கொள்வோம்.

1. ஏறக்குறைய 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு முதன்மை எண்களைக் கணினி தற்போக்காகத் தெரிகிறது. அவை இரகசியம்.
2. அவற்றைப் பெருக்கி வரும் 617 இலக்க எண்ணை எல்லோருக்கும் காட்டுகிறது.
3. காட்டிய எண்ணிலிருந்து மறைத்த இரண்டையும் பிரித்தெடுக்க முடிந்தவருக்குப் பூட்டு திறக்கும்.

பெருக்குவது நொடிப்பொழுது, பிரிப்பது மலை. 2⁶⁷ − 1 உடையும் என்று தெரிந்தும் அதை உடைக்க 27 ஆண்டுகள் ஆனதே, அதே இடைவெளியில்தான் இந்தப் பூட்டு நிற்கிறது. இன்றைய கணினிகளோடும் அந்த இடைவெளி மூடவில்லை. சவால் எண்களாக வெளியிடப்பட்ட ஆர்எஸ்ஏ வரிசையில் 250 இலக்க எண் 2020 இல் உடைக்கப்பட்டது. அதற்கு ஒரே ஒரு கணினிக் கருவை மட்டும் பயன்படுத்தியிருந்தால் ஏறக்குறைய 2700 ஆண்டுகள் எடுக்கும் அளவு வேலை தேவைப்பட்டது. 617 இலக்கம் அதைவிட எவ்வளவோ தொலைவில்.

இப்போது புதிய எண்ணை இந்தப் படத்தில் வைத்துப் பாருங்கள். அது இரகசியமா? இல்லை, உலகமே அறியும். வேகமாகப் பயன்படுத்தலாமா? 4 கோடி இலக்கங்களோடு ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டால் பணம் அனுப்புவது நாட்கணக்கில் இழுக்கும். எல்லோருக்கும் தெரிந்த சாவியால் வீட்டைப் பூட்ட முடியாது. அது தேர் அளவு பெரிய சாவி என்றாலும்.

எதிர்ப்பக்கப் பயத்துக்கும் இடமில்லை. 2⁠இன் வலுவுக்கு ஒன்று குறைவான எண்களைச் சோதிக்கும் திறமை, தற்போக்கான 617 இலக்க எண்ணை உடைக்க உதவாது. லூகாஸ்–லேமர் சோதனை காரணி எதையும் வெளியே விடுவதில்லை என்பதை 2047 இலேயே பார்த்தோம். 309 இலக்க முதன்மை எண்கள் தீர்ந்துவிடும் என்ற கவலையும் வேண்டாம். இந்தப் பருமனில் ஏறக்குறைய 710 எண்களுக்கு ஒன்று முதன்மை. மொத்த எண்ணிக்கையைச் சொல்ல 1 ஐ எழுதிப் பின்னால் முந்நூறுக்கு மேல் பூச்சியங்கள் போட வேண்டியிருக்கும்.

ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். மெர்சென் முதன்மை எண்கள் பாதுகாப்பில் இடமே பெறுவதில்லை என்று சொன்னால் அது பிழை. நீள்வளைய வளைகோடுகளை அடிப்படையாகக் கொண்ட முறைகளில் ஒன்று 2⁵²¹ − 1 ஐப் பயன்படுத்துகிறது. அது 157 இலக்க மெர்சென் முதன்மை எண். அங்கே அந்த எண் எல்லோருக்கும் தெரிந்த மேடை மாத்திரமே. இரகசியம் மேடையில் இல்லை; மேடைமேல் ஒவ்வொருவரும் தெரிந்தெடுக்கும் வேறோர் எண்ணில் இருக்கிறது. அந்த மேடைக்கு மெர்சென் எண்ணைத் தெரிந்த காரணம், வெட்டிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும் அதே சலுகைதான்.

## அப்படியானால் இதனால் என்ன பயன்?

நேரடியான பயன் இன்று இல்லை. அதை மறைத்து ஏதாவது கட்டிச் சொல்வது வாசகருக்குச் செய்யும் நியாயம் அல்ல. ஆனால் தேடலின் வழியில் கிடைத்தவை மெய்யானவை. கிம்ப்ஸ் மென்பொருள் செயலியின் ஒவ்வொரு பகுதியையும் ஓயாமல் வேலை வாங்குவதால், புதிதாகப் பூட்டிய கணினி சுமை தாங்குமா என்று சோதிக்கப் பலர் அதையே ஓடவிடுகிறார்கள். 1994 இல் இன்டெல் பென்டியம் செயலி வகுத்தலில் பிழை விடுவதைக் கண்டுபிடித்தவர் தோமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். அவர் அப்போது 11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் சோடியாக வரும் முதன்மை எண்களைப் பற்றிய கணக்கொன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

## 52ஆவது, ஆனால் எந்த வரிசையில்?

இதைச் செய்திகள் "52ஆவது மெர்சென் முதன்மை எண்" என்கின்றன. கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் அது 52ஆவது. பருமன் வரிசையில் அப்படி என்று இன்னும் சொல்ல முடியாது. தனக்குக் கீழே உள்ள எல்லாச் சுட்டிகளும் சோதித்து முடிக்கப்படவில்லை. இடையில் ஒன்று ஒளிந்திருக்கலாம். இப்படி முன்பும் நடந்தது. 2008 இல் 2⁴³¹¹²⁶⁰⁹ − 1 கிடைத்தது. அதைவிடச் சிறிய 2⁴²⁶⁴³⁸⁰¹ − 1 அடுத்த ஆண்டு, 2009 இல்தான் அகப்பட்டது.

மெர்சென் முதன்மை எண்கள் முடிவில்லாதவையா என்பதற்கு இன்று வரை நிறுவல் இல்லை. ஒற்றை நிறைவெண் ஒன்றாவது இருக்கிறதா என்ற கேள்வியும் அப்படியே கிடக்கிறது.

10 கோடி இலக்கங்களைத் தொடும் முதல் முதன்மை எண்ணுக்கு எலெக்ட்ரொனிக் ஃப்ரொன்டியர் அறக்கட்டளை 150,000 டொலர் பரிசு வைத்திருக்கிறது. 2024 இன் எண் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பரிசுக்குரிய எண் மெர்சென் வடிவில் வந்தால் அதன் சுட்டி 33 கோடியே 21 இலட்சத்துக்கு மேல் இருக்கும். அது இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் அதன் சுட்டி ஒற்றை முதன்மை எண். ஆகவே நான்கால் வகுத்தால் மீதி 1 அல்லது 3. அந்த எண் 1 இல் முடியும், இல்லையென்றால் கன்னியாவின் கிணறுகளைப் போல் 7 இல் முடியும்.